வாத்தியார் முதுகு

கரும்பலகையில் வேதவசனத்தை எழுதி முடித்த ஞானசிகாமணி வாத்தியார், பிள்ளைகள் குனிந்து எழுதுகிற நேரம் பார்த்து, முதுகைப் பலகையோடு சேர்த்து ஒரு தேய் தேய்த்தார். சுகமாகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது பாதி வசனம் அவர் கோட்டுக்கு வந்திருந்தது.

அந்த 1913-ஆம் வருஷம் பாளையங்கோட்டை வெயில் பங்குனியிலேயே ஆளைப் பிடித்துக்கொண்டது. வாத்தியாரின் தோல் வறண்டு வெள்ளை பூத்தது. முதுகில் செதில் செதிலாக வெடித்தேவிட்டது. வண்ணார்பேட்டை வைத்தியர் பூதலிங்கத்திடம் போய்ச் சட்டையைக் கழற்றினார்.

"ஓய், தோலுக்கு வேண்டியது தண்ணிதாம்வே. மோரும் நீராகாரமும் நெறையக் குடியும். குளிச்சு ஈரம் காயுமுன்ன தேங்காண்ணெயத் தடவும். ஒரு இடம் விடப்படாது."

"முதுகு?"

"வீட்டுல யாரையாவது தடவச் சொல்லும்."

வாத்தியார் "சரி" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். வீட்டில் யார் இருக்கிறார்கள்? மனைவி அன்னாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஆறு வருஷம். பிள்ளையும் கிடையாது. கை இரண்டு இருந்தும் சொந்த முதுகுக்கு உதவாது என்பதை அந்த ஆறு வருஷத்தில் அவர் நன்றாகவே படித்திருந்தார்.

துண்டை எண்ணெயில் நனைத்து முதுகில் இழுத்துப் பார்த்தார். எண்ணெயைத் துண்டு குடித்தது. சுவரில் எண்ணெயைப் பூசிச் சாய்ந்து தேய்த்தார். சுவர் எண்ணெயை வாங்கிக்கொண்டு சுண்ணாம்பைக் கொடுத்தது. எரிச்சல் தாங்காமல் அன்றைய மாலை ஜெபத்தைக் குப்புறப் படுத்துக்கொண்டே செய்து முடித்தார்.

புறவாசலில் நெஞ்சுயரத்துக்கு ஒரு குத்துக்கல் நின்றது. வழவழப்பான கல். மறுநாள் காலையில் குளித்த ஈரத்தோடு அதில் எண்ணெயை வழியவிட்டு முதுகைக் கொடுத்தார். அப்பாடா! ஆறு வருஷத்தில் முதல்முறையாக அந்த இடத்தில் இதமாக ஏதோ ஒன்று பட்டது. அது கல் என்பதுகூடக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

நாலே நாளில் வெடிப்பு ஆறத் தொடங்கியது. ஐந்தாம் நாள் சாயங்காலம் சபை மூப்பர் இஸ்ரவேல் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்னவே வாத்தியாரே, கல்லுக்கு எண்ணெய்க் காப்பா? மஞ்சளு வேற அப்பியிருக்கு!"

வாத்தியார் திரும்பிப் பார்த்தார். மெய்தான். அவர் பூசாத மஞ்சள் கல்லின் நடுவில் பளிச்சென்று இருந்தது. நம் பக்கத்தில் நட்ட கல்லில் எண்ணெயும் மஞ்சளும் இருந்தால் அப்புறம் அதைக் கல் என்று யார் சொல்வார்கள்? சுடலைமாடன் என்பார்கள்.

எருமை மாதிரிக் கல்லில் முதுகு தேய்க்கிறேன் என்று ஒரு மிஷன் வாத்தியார் எந்த வாயால் சொல்லுவார்?

"எறும்பு வராம இருக்கத் தடவுனேன், அண்ணாச்சி."

"கல்லத் திங்க எறும்பு வருதாக்கும்!"

பயந்துபோன வாத்தியார் தண்ணீரை மொண்டு ஊற்றி, சீயக்காய் போட்டுக் கல்லைக் கழுவினார். 'அபிஷேகம் நடக்கு' என்று தெருவுக்குச் செய்தி போயிற்று. மறுநாள் காலை முதுகு கெஞ்சியது. துளியூண்டு எண்ணெய்தான் தடவினார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மறுபடியும் மஞ்சள். யார் கண்ணிலும் படவேண்டாம் என்று தம்முடைய வேட்டி ஒன்றை எடுத்துக் கல்லைச் சுற்றி மூடினார். 'வஸ்திரமும் சாத்தியாச்சு' என்றது தெரு.

சனிக்கிழமை உச்சிப்பொழுதில் குருவானவரே வந்துவிட்டார். பின்னால் இஸ்ரவேல்.

"வாத்தியாரே, விக்கிரகத்தைக் கும்பிடுகிறவருக்கு நம்ம பள்ளிக்கூடத்தில் இடம் கிடையாது. உண்மையைச் சொல்லும்."

இருபது வருஷத்து வேலை. அது போனால் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேச அந்தப் பிள்ளைகளும் இருக்கமாட்டார்கள். வாத்தியார் மானத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார்.

"ஐயா, நான் இதக் கும்பிடல. அன்னாள் போனதுக்கப்புறம் என் முதுகுல எண்ணெய் தடவ ஆளு கெடையாது. இந்தக் கல்லுலதான் தேய்ச்சுக்கிடுதேன்."

குருவானவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். இஸ்ரவேல் விடுகிற ஆள் இல்லை.

"எண்ணெய் சரிவே. மஞ்சளும் உம்ம முதுகுலயா மொளைச்சுது?"

வாத்தியார் கழுத்தைத் திருப்பித் தம் முதுகையே எட்டிப் பார்க்க முயன்றார்.

அந்த நேரம் பார்த்து இசக்கித்தாய் உள்ளே வந்தாள். தினமும் அவர் பள்ளிக்கூடத்தில் இருக்கிற பொழுதில் வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகிறவள். இடுப்பில் குடம், வாய்க்காலில் குளித்த ஈரத்தலை, முகம் கழுத்தெல்லாம் மஞ்சள்.

"ஏட்டி, நீதான இந்தக் கல்லக் கும்பிடுத?" என்று இஸ்ரவேல் பாய்ந்தார்.

இசக்கித்தாய் குடத்தை இறக்கினாள். கல்லைப் பார்த்தாள். வாத்தியாரின் வெறும் முதுகைப் பார்த்தாள்.

"நான் எதுக்குய்யா கல்லக் கும்பிடுதேன்? என் வீட்டுக்காரரு கொழும்புக்குப் போயி பதினோரு வருசமாச்சு, எனக்கு மட்டும் முதுகுல மஞ்சத் தேய்ச்சுவிட யாரு இருக்கா?"