மாமனாரை விழுங்கிய மேடை

ஒழுங்கான மனிதன் ஒருவன் வீட்டுக்குச் செய்யும் சேதத்தை மழையும் கறையானும் கூட்டுச் சேர்ந்தாலும் செய்ய முடியாது. என் வீட்டு மர மேடையே அதற்குச் சாட்சி.

அப்போது நான் பினாங்கில் ஒரு கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. ஜெலுத்தோங்கில், தூண்கள் மேல் நின்ற மரவீட்டில் அக்காவுடன் குடியிருந்தேன். படியேறினால் கூரையில்லாத பலகை மேடை. அதைத் தாண்டித்தான் கதவு. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி.

அக்காவுக்கு அந்த மேடைதான் வாசல். வாசல் என்றால் விடிந்ததும் சாணம் தெளித்துக் கோலம் போட வேண்டும். மண்ணா மரமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் மாவில் பாதி இடைவெளி வழியே கீழே கோழிகளின் முதுகில் விழுந்தது.

"பாதித் தாமரைதான் நிக்குது தம்பி. மீதிய அந்தச் சேவல் சுமந்துக்கிட்டுத் திரியுது."

அரைகுறைக் கோலம் எனக்கும் பொறுக்காது. (செருப்பு இரண்டும் சுவருக்கு நேராக நிற்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.) படகுக்காரர்களைப் போலக் குங்கிலியத்தை எண்ணெயில் குழைத்து எல்லா இடைவெளிகளையும் அடைத்தேன். கோழி நுழையாதபடி மேடையின் அடியைச் சுற்றிலும் பலகை அடித்தேன். ஈரம் காயுமுன்பே தார் பூசினேன். ஓரத்தில் நூல் பிடித்தாற்போல் பூந்தொட்டிகளை வைத்தேன்.

படகில் அடைப்பு தண்ணீரை வெளியே நிறுத்தும். என் மேடையில் அது தண்ணீரை உள்ளே நிறுத்தியது. மழையும் சாணத் தண்ணீரும் வெளியேற வழியின்றி மரத்துக்குள் குடியேறின. தொட்டியடியில் காளான் முளைத்தபோதுகூட, "நல்ல சத்தான மண்" என்று பூரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பேசினார்கள். கோயிலில் அவள் சிரித்ததைக் கேட்ட நாளிலிருந்து, இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். பெண்ணின் தகப்பனார் மளிகைக்கடைக்காரர். அவர் வந்து வீட்டைப் பார்த்துச் சம்மதித்தால்தான் தாம்பூலம்.

வந்தார். நல்ல கனத்த உடம்பு. (அவரை இறக்கிவிட்டபின் ரிக்‌ஷாவே ஒரு பெருமூச்சு விட்டது.) அக்கா அன்று மேடை நிறையத் தேர்க்கோலம் போட்டிருந்தாள். அதை மிதிக்க மனமில்லாமல், அவர் ஓரத்துத் தொட்டியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் மரியாதையாகக் கால் வைத்தார்.

பலகை ஒடியவில்லை. காப்பியில் ஊறிய ரொட்டியைப் போல வழிவிட்டது.

"அலாமாக்!" என்று மலாயில் ஐயோ போட்டார்.

இடுப்புவரை இறங்கியவரை வயிறு தாங்கிப் பிடித்தது.

"ஐயா, அடி பட்டுச்சா?"

"அதெல்லாம் இல்ல தம்பி. காலு ரெண்டும் தொங்குது, தரையத்தான் காணோம்!"

பதற்றத்தில் நான் செய்த முதல் காரியம், அவர் நகர்த்திய தொட்டியைத் தூக்கி வரிசையில் வைத்ததுதான்.

"தொட்டிய அப்புறம் அடுக்கலாம் தம்பி, என்னைய எடுங்கலா!"

பாய்ந்துபோய் இழுத்தேன். என் காலும் முழங்கால்வரை உள்ளே போனது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கக் குலுங்க இன்னும் கொஞ்சம் இறங்கினார்.

"சிரிக்காதீங்கய்யா, போய்க்கிட்டே இருக்கீங்க!" என்று அக்கா காப்பித் தட்டோடு அலறினாள்.

"மாப்பிளே, அக்குள்ல கை குடுத்துத் தூக்குங்க!"

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். "மாப்பிள்ளைன்னு சொல்லிட்டீங்க. இனி பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேம்மா, முதல்ல மேல ஏத்துங்க!"

ஏற்றினோம். காப்பியைக் குடித்தபின் அவர் என் பேனாக்கத்தியை வாங்கி, ஓட்டை வழியே தெரிந்த மேடையின் உத்தரத்தில் குத்தினார். பிடிவரை இறங்கியது. "ஈரத் தரையில அரிசி மூட்டைய அடுக்குனாப்பல இருக்கு. காத்து வேணும் மாப்பிளே. மேடையச் சரி பண்ணுங்க, மறுநாளே தாம்பூலம்."

அவ்வளவு வேகமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. உளுத்ததையெல்லாம் கெட்டி மரம் தெரியும்வரை வெட்டியெறிந்தேன். புதுப் பலகையின் வெட்டுமுனைகளில் எண்ணெய் ஊறவிட்டு, இடைவெளி விட்டுப் பதித்தேன். அடிப்பலகைகளைக் கழற்றினேன், காற்றும் கோழிகளும் திரும்பி வந்தன. தொட்டிகள் செங்கல் மேல் ஏறின. கோலம் படிக்குக் கீழே மண்ணுக்கு இறங்கியது.

கல்யாணமாகிப் பெண்ணும் வந்துவிட்டாள். அப்பாவையே விழுங்கிய வீட்டைப் பார்க்கவேண்டும் என்றுதான் சம்மதித்தாளாம்.

மாமனார் இன்றும் படியில் நின்று, "உன் வீட்டுக்காரர முதல்ல நடக்கச் சொல்லும்மா" என்பார். நான் நடந்து காட்டுவேன். போகிற வழியில் ஓரத்துத் தொட்டி ஒன்று சற்றே கோணலாகத் தெரியும். கை தானாக நீளும்.

"தொட்டி அப்புறம்!" என்று பிள்ளைகள் உட்பட வீடே கத்தும்.