வீமனைப் பொறுப்பேற்கும் முன் சின்னம்மா அறியவேண்டியவை

சுன்னாகம்,
வியாழக்கிழமை பின்னேரம்.

பெருமதிப்புக்குரிய குணலட்சுமி சின்னம்மாவுக்கு,

உங்கள் அக்காவின் மகள் நிவேதனா பணிவோடு எழுதுவது. நான் கண்டதையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக இக்கடிதத்தில் பதிவு செய்யப்போகிறேன். சித்தப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மனிதர்கள் மூவரும் சுகம். நாலாவது சீவனைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூடையோடு வந்து வீமனை நெல்லியடிக்குக் கொண்டுபோகப் போவதாக அம்மா சொன்னா. அப்பா உங்களுக்கு ரெலிபோனில், "ஒரு சோலியுமில்லை குணம், பூனைக்குட்டி மாதிரி ஒரு மூலையிலை கிடக்கும்" என்று சொன்னதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். பத்து மாதமாக இந்த வீட்டில் அது மூலையில் கிடந்து நான் பார்க்கவில்லை. பொருளின் குறையை மறைத்துக் கொடுப்பது பிழை. பக்கத்து வளவு எமில்ராஜ் அங்கிள் நாளைக்கு நெல்லியடிக்கு வேலைக்கு வரும்போது இதை உங்கள் கையில் தருவார்.

முதலில் அது என்ன நாய் என்று சொல்லவேண்டும். வெங்காயக் கொட்டிலுக்குக் காவல் வேண்டுமென்று அப்பா ஒரு ஆளிடம் "டோபர்மன் குட்டி" என்று நம்பி வாங்கி வந்தார். கறுப்பு உடம்பு, தவிட்டு நிறப் புருவம், நிமிர்ந்த காது, ஒட்ட வெட்டின வால். வந்த கிழமையே கல்லும் சீமெந்தும் எடுத்து, கன்றுக்குட்டி நிற்கக்கூடிய அளவில் ஒரு கூடு கட்டினார். வீமன் என்று பெயரும் வைத்தார். கம்பிகளுக்கு இடையில் டோபர்மனுக்கு ஏற்ற இடைவெளி விட்டிருந்தபடியால், வீமன் முதல் நாளே அதற்குள்ளால் நடந்து வெளியே வந்து அப்பாவுக்கு முன்னால் இருந்தது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் குசினி வாசல் நிலையோடு அதை நிமிர்த்திப் பிடித்து, பென்சிலால் கோடு போட்டு வளர்ச்சி பார்த்தார். முதல் நாலு கோடு தனித்தனியாகத் தெரியும். மிச்சம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே மொத்தக் கோடாகக் கிடக்கிறது. நான் நூலகத்தில் நாய் வளர்ப்புப் புத்தகம் எடுத்து, அகராதி வைத்து வாசித்து, "அப்பா, இது டோபர்மன் இல்லை. மினியேச்சர் பின்ஷர். மடியில் வைத்து வளர்க்கிற இனம். முழு உயரமே ஒரு அடிதான்" என்று சொன்னேன். "பிள்ளை, சிலது பிந்தித்தான் வளரும். நானும் பத்தாம் வகுப்பிலைதான் உயந்தனான்" என்றார். "இன்னும் உயரேல்லையே" என்று அம்மா குசினிக்குள்ளிருந்து சொன்னா.

சின்னம்மா, இந்த இனத்தின் முதற் குறை, தன்னுடைய அளவு அதற்குத் தெரியாது. திருவிழாக் குதிரை வாகனம் போல முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும். தோட்டத்துக்குப் போகிற உழவு மெசினுக்கு முன்னால் போய் நடு றோட்டில் நின்று குரைக்கும். மெசின்காரர் றமேஸ் அண்ணை எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, "தங்கச்சி, உங்கடை எலி றோட்டை மறிச்சு நிக்குது, வந்து தூக்கும்" என்று கூப்பிடுவார். நான் புத்தகத்தை வைத்துவிட்டு ஓடவேண்டும். வாயில் கொள்ளுகிறது எதுவும் அதற்குச் சாப்பாடு. என் அழிறப்பர் நாலு, அப்பாவின் சேட்டில் பூட்டுகிற தெறி எத்தனையோ தெரியாது, அம்மாவின் ஒற்றைத் தோடு. தோட்டுக்காக அப்பா இரண்டு நாள் ஈர்க்கும் கையுமாக அதன் பின்னால் நடந்தார். சங்கக்கடையடியில் கண்டவர்கள் "என்ன சுதாகரன், ஏதும் துலைஞ்சுபோச்சோ?" என்று கேட்க, "ஓம், ஒரு சின்னச் சாமான்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். தோடு கிடைத்தது. அம்மா அதைப் பிறகு போடவில்லை. கட்டிலில் ஏற்றிவிட்டால் குதித்துக் காலை முறித்துக்கொள்ளும் என்று புத்தகம் எச்சரிக்கிறது, ஆனால் ஏற்றாவிட்டால் கீழே நின்று கத்தும். மாரியில் ஒரு தூறல் விழுந்தால் முற்றத்தில் கால் வைக்காது. அம்மா தன் பழைய கம்பளிச் சட்டையின் கையை வெட்டி அதற்கு உடுப்புத் தைத்தா. எனக்குப் பள்ளிக்கூடச் சட்டைக்கு விளிம்பு அடித்துத் தரச்சொல்லி மூன்று கிழமை கேட்டும் நேரமில்லாத அதே அம்மா.

வெளிச்சமும் அதற்கு ஆகாது. பொழுதுபட்டு லைற் போட்டதும் யன்னல் கண்ணாடியில் தன்னைக் கண்டு, வேறு நாய் வந்துவிட்டதென்று குரைக்கத் தொடங்கும். லைற்றை நூர்த்தால்தான் படுக்கும். ஆகவே ஏழரை மணிக்கு நாங்கள் இருட்டில் சோறு தின்றுவிட்டு இருட்டில் இருக்கிறோம். "உதின்ரை மூஞ்சையை உதுக்கே பிடிக்கேல்லை, நாங்கள் என்னெண்டு பொறுக்கிறது" என்று அம்மா சொல்லுவா. ரீவி நாடகம் பார்க்கிறதை விட்டு எட்டு மாதம்.

கெட்டிக்கார இனம் என்றும் புத்தகம் எழுதியிருக்கிறது. பார்ப்போமே என்று இரண்டு மாதம் மினைக்கெட்டேன். விறாந்தையில் நான் படிக்கிற நீலப் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்துகொண்டு, கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்து மடியில் வைக்கப் பழக்கினேன். அந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் அந்த மண்டைக்குள் ஏறவில்லை.

இனி, போன செவ்வாய்க்கிழமை நடந்த அவமானத்தை எழுதவேண்டும். நல்லூர் கொடியேறினால் எங்கள் வீட்டில் இருபத்தைந்து நாளும் மச்சம் மாமிசம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வீடு கழுவி, மீன்சட்டியைக் கொட்டிலுக்குப் பின்னால் கவிழ்த்தாயிற்று. வீமனுக்கும் பருப்பும் சோறும் பூசணிக்காயும்தான். மற்ற நாய் என்றால் கோவித்துக்கொண்டு போயிருக்கும். இது ஒன்றும் பேசாமல் தின்றது. அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. கோயிலடியில், சலூனில், விதானையார் வீட்டில், "என்ரை நாயும் விரதம்" என்று சொல்லித் திரிந்தார். அது கோயில் தலைவர் ஆழ்வாப்பிள்ளை ஐயாவின் காதுக்கும் போய், தேரன்று எங்கள் ஊர்த் தண்ணீர்ப்பந்தலை அப்பாவின் பொறுப்பில் விடலாமா என்று கதைக்கவும், அப்படியே விரதம் பிடிக்கிற நாயைப் பார்க்கவும் அவர் வீட்டுக்கு வந்தார். அந்தப் பந்தலை நடத்தவேண்டும் என்று அப்பா ஆறு வருடமாக ஆசைப்பட்டவர். வேட்டி மாற்றி, வீபூதி பூசி நின்றார். ஐயா நீலக் கதிரையில் இருந்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தா. "எங்கை உங்கடை அடியாரைக் காணேல்லை?" என்று ஐயா கேட்டார். அடியார் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தார். பொட்டு என்றது எமில்ராஜ் அங்கிளின் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் இடையில் வேலியில் இருக்கிற ஓட்டைதான். அவர்கள் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், அவர்களுக்குக் கொடியேற்றம் இல்லை. வாய் கொள்ளாமல் ஒரு விளைமீன் தலை. குதிரை நடை நடந்து வந்து, ஐயாவின் வெள்ளை வேட்டி மடியில் அதை வைத்துவிட்டு, வாலில்லாத பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு நின்றது.

ஐயா கொஞ்ச நேரம் மீனைப் பார்த்தார். மீனும் அவரைப் பார்த்தது. "சுதாகரன், உங்கடை வீட்டு விரதம் நல்ல ருசியாத்தான் இருக்குப்போல" என்று சொல்லி எழும்பினார். பந்தலுக்கு வேறு ஆளைப் பார்ப்பதாகப் படலையடியில் சொல்லிவிட்டுப் போனார். தேத்தண்ணியைத் தொடவில்லை. அது அங்கிள் வீட்டில் களவெடுத்த மீன் என்று அப்பா சொன்னார். களவும் பொய் விரதமும் உள்ள சீவனோடு ஒரு கூரைக்குள் இருக்கமுடியாது என்று அம்மா சொன்னா. அன்றிரவே உங்களுக்கு ரெலிபோன் எடுத்தா.

ஆகவே சின்னம்மா, அகங்காரமும் ஆரவாரமும் தவிர அந்த ஒரு அடிக்குள் வேறொன்றும் இல்லை. தீர யோசித்து முடிவெடுங்கள். உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் என் வணக்கம். என் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்க நீங்கள் பக்கத்தில் இல்லாதபடியால், நெல்லியடியில் இருந்தே வைத்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள பெறாமகள்,
நிவேதனா.

பி.கு.: மடிப்பதற்கு முன் ஒருமுறை வாசித்தேன். உண்மை எழுதுவதாகத் தொடங்கியிருக்கிறேன், அதனால் இதையும் எழுதவேண்டும். அந்த மீனை வீமன் களவெடுக்கவில்லை. மேலே "என்று அப்பா சொன்னார்" என்று நான் எழுதியது அதனால்தான். கொடியேறி ஒன்பதாம் நாள் அதன் விலா எலும்பு தெரிந்தது. இந்த இனத்துக்கு மச்சம் இல்லாமல் சரிவராது என்று புத்தகத்தைக் காட்டினேன். "அது வெள்ளைக்காரன்ரை நாய்க்கு எழுதினது பிள்ளை" என்று அப்பா சொல்லிவிட்டார். பிறகு நான் ஜெசிந்தா அன்ரியிடம், அங்கிளின் மனுசியிடம்தான், கேட்டு, பின்னேரம் பின்னேரம் பொட்டடியில் வைத்து அவித்த மீன் கொடுத்தேன். செவ்வாயன்று ரியூசன் முடியப் பிந்திவிட்டது, நான் வீட்டுக்கு வர ஐயாவும் வந்துவிட்டார். அன்ரி இலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறா. வீமன் அதைத் தின்னாமல், நான் பழக்கினபடி, நீலக் கதிரைக்குக் கொண்டுவந்திருக்கிறது. மடி யாருடையது என்று பார்க்க நான் பழக்கவில்லை.

இதை எழுதியபின் இருக்க முடியாமல் எழும்பிப் போய் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். அப்பா எட்டி வேலிப் பொட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு, "எந்தச் சட்டியிலை அவிச்சது?" என்று கேட்டார். "அவையின்ரை சட்டியிலை." "எங்கடை வளவுக்குள்ளை கொண்டுவந்தனியோ?" "இல்லை, பொட்டுக்கு அங்காலை வைச்சுத்தான்." "அப்ப வீட்டு விரதம் முறியேல்லை" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு ஆழ்வாப்பிள்ளை ஐயாட்டை நீதான் வந்து சொல்லோணும். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா" என்றார். புத்தகத்தை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.

அம்மா கதவடியில் சுருண்டு கிடந்த வீமனைக் காலால் மெல்லத் தள்ளிப் பார்த்தா. "பாவம், தானும் தின்னேல்லை" என்றா. பிறகு அப்பாவிடம், "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள், லைற்றை நூருங்கோவன். உது வெளிச்சத்திலை நித்திரை கொள்ளாதெல்லே" என்றா.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள் சின்னம்மா. கூடை வேண்டாம். இந்தக் கடைசி வரியை எமில்ராஜ் அங்கிள் வீட்டு வெளிச்சத்தில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் லைற் எல்லாம் நூர்த்தாயிற்று.