ஏழாம் கட்டிலில் ஆள் உண்டு

ஏழாம் கட்டில் காலி என்றது கம்ப்யூட்டர். கட்டிலில் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எடே அனூப், அப்போ அந்த இட்லியத் தின்னுட்டு இருக்கது யாராக்கும்?" என்றார் ரத்னாபாய்.

அவர் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நர்சிங் சூப்பிரண்டு. வார்டுகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்க முடிவானபோது, எதை வாங்குவது என்று சொல்லும் பொறுப்பை டைரக்டர் முதன்முறையாக நர்சுகளிடம் கொடுத்திருந்தார். இதில் கோட்டை விட்டால் அத்தோடு சரி. பிறகு பஞ்சு வாங்கக்கூட நர்சுகளை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆகவே ரத்னாபாய் விளம்பரப் படங்களைப் பார்த்து மயங்கவில்லை. ஒரு காலைப்பொழுது முழுக்க வார்டு அந்தக் கம்ப்யூட்டர் சொல்கிறபடியே நடக்க வேண்டும் என்று பரீட்சை வைத்தார். விடிந்ததும் வழக்கம்போலத் தானே ரவுண்ட்ஸ் போய்த் தலை எண்ணிவிட்டும் வந்தார். கட்டில் எல்லாம் நிறைந்திருந்தது. அவருடைய எண்ணிக்கையைச் சந்தேகப்பட அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தைரியம் கிடையாது.

கழக்கூட்டத்துக் கம்பெனியிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கிக் காட்ட வந்த, மலையாளம் கலந்து பேசும் அனூப்புக்கு வியர்த்தது. "சாரமில்ல மேடம், பரவாயில்ல. புதுசா அட்மிஷன் போட்டுத் தராம். பேரு?"

"வீரபாண்டி. ஊரு போனக்காடு. காய்ச்சல்." ரத்னாபாய் எந்தத் தாளையும் பார்க்காமலே சொன்னார்.

கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. புது நோயாளி அல்லவா? ரத்தப் பரிசோதனை முடியும்வரை சாப்பாடு கூடாது என்று உத்தரவும் போட்டது. நர்ஸ் ஜெபமலர் ஓடிப்போய் இட்லித் தட்டைப் பிடுங்கினாள். ஊசியையும் எடுத்தாள்.

"சிஸ்டர், எனக்கு எதுக்கு இதெல்லாம்..."

"கம்ப்யூட்டர் சொல்லுது. கைய நீட்டுங்க."

பாவம், நீட்டினார். ரத்தம் போனது. இட்லி மட்டும் திரும்பி வரவில்லை.

"மனுசன் பசியில கெடக்கார். அந்த உத்தரவ மாத்துடே" என்றார் ரத்னாபாய்.

"ஆள வேற டிபார்ட்மென்டுக்கு மாத்தினா உத்தரவு போகும் மேடம். பின்னே திரும்பக் கொண்டு வராம்." அனூப் கண்ணில் பட்ட முதல் டிபார்ட்மென்டைத் தட்டினான்.

திரும்பக் கொண்டுவருவதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அட்டெண்டர் திரவியம் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "ஏழாம் கட்டில் எது?"

அந்த நேரம் பார்த்து டைரக்டரும் உள்ளே வந்தார்.

"என்ன சிஸ்டர், எப்படி இருக்கு?"

ரத்னாபாய் நிமிர்ந்து நின்றார். "வேண்டாம் சார். கண்ணு முன்னால இருக்க ஆள இல்லங்குது. இருக்க ஆளையும் இல்லாத ஆளையும் தெரியாத மெஷின் என் வார்டுக்கு ஆகாது."

"நீங்க சொன்னா அப்பீல் இல்ல" என்றார் டைரக்டர். அனூப் வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான். திரவியம் ஏழாம் கட்டில்காரரின் தோளில் கை வைத்தார்.

அவர் ஒரே தாவாகத் தாவி டைரக்டரின் காலடியில் விழுந்தார்.

"ஐயா, என்னய அறுத்துராதிய! காய்ச்சக்காரன் எங்க அண்ணன், அவன் நேத்தே டிஸ்சார்ஜ் ஆயி ஊருக்குப் போயிட்டான்; கூட இருக்க வந்தவன் நான், கட்டில் சும்மா கெடக்குதேன்னு படுத்துட்டேன்!"