பட்டுப் பீரோவில் பத்து பாட்டில்

செவிலிமேடு,
காஞ்சிபுரம்.

அன்பு மாப்பிள்ளை கலைவாணன் அவர்களுக்கு, மாமனார் ஆதிகேசவன் அநேக ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை ரேணுகாம்பாளும் க்ஷேமம். தாங்கள் என்னிடம் ஒப்படைத்துப் போன சிவப்பு ஒயின் பாட்டில்கள் பத்தும் க்ஷேமம். சிங்கப்பூரில் தாங்களும் தீபிகாவும் குழந்தை துர்காவும் க்ஷேமமாக இருக்க வரதராஜப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன். வாட்ஸ்அப்பை விட்டுத் தபாலில் எழுதுவதற்குக் காரணம், அதிலென்றால் தீபிகா முதலில் படித்து என் மானத்தை வாங்கிவிடுவாள்.

தாங்கள் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். "மாமா, தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க. அடுத்த மாசம் வர்றப்போ எல்லா பாட்டிலையும் நானே எடுத்துட்டுப் போயிடறேன்" என்றிருந்தீர்கள். மனசு சுருக்கென்றது. பட்டு கூட்டுறவு சங்கத்துக் கிடங்கை முப்பது வருஷம் பார்த்தவன் நான். ஒரு புடவையில் பூச்சி ஓட்டை உண்டா? ஒரு ஜரிகை கறுத்தது உண்டா? ஓய்வு பெற்ற பிறகு என்னை நம்பி யாரும் ஒரு பால் பாக்கெட்டைக்கூடக் கொடுத்து வைக்கவில்லை, மாப்பிள்ளை. நீங்கள்தான் கொடுத்தீர்கள். அதைத் திருப்பி எடுத்துப் போகிறேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

வேளச்சேரி ஃபிளாட்டைக் காலி செய்தபோது நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "பேர் போன ஊர் ஒயின்ல பாதி விலை அந்தப் பேருக்கே போயிடும் மாமா. பக்கத்து ஊர்ல அதே திராட்சை, விலை கம்மி. இப்போ குடிச்சா வாயைக் கட்டுற துவர்ப்பு இருக்கும். அந்தத் துவர்ப்புதான் அதை நிறைய வருஷம் தாங்க வைக்கும். துர்கா பொறந்த வருஷத்து ஒயின், அவளோட இருபத்தோராம் பொறந்தநாளுக்குத் திறக்கணும்." எனக்கா இது புரியாது? காந்தி ரோட்டுக் கடைப் புடவையில் கண்ணாடிக் கதவுக்கும் ஏசிக்கும் சேர்த்துத்தான் விலை. சந்துக்குள் தறிக்காரர் வீட்டில் அதே பட்டு, அதே ஜரிகை. இவ்வளவு விவரமான மாப்பிள்ளை அமைந்தாரே என்று அன்றைக்கே பூரித்துப்போனேன்.

இருட்டாக இருக்க வேண்டும், குளிர்ச்சியாக இருக்க வேண்டும், ஆடக் கூடாது, படுக்க வைக்க வேண்டும் என்றீர்கள். செவிலிமேட்டில் குளிர்ச்சிக்கு எங்கே போவது? மொட்டை மாடியில் அப்பளம் பொரிக்கலாம். ஃபிரிட்ஜில் தோசை மாவு. பூஜை அறை குளிர்ச்சிதான், ஆனால் அதை நினைத்ததற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கடைசியில் அத்தையின் பட்டுப் பீரோதான் அமைந்தது. அவள் லேசில் விடுவாளா? "என் கல்யாணப் புடவை பக்கத்துல சாராயத்த படுக்க வெச்சிக்கினு இருக்கீங்களே, இது நல்லா இருக்குதா?" என்று ஒரு வாரம் பேச்சு. "சாராயம் இல்லம்மா, திராட்சை. அதுவும் பேத்தியோட திராட்சை" என்று சமாதானம் சொன்னேன். பீரோவின் கீல் கிறீச்சிடுகிறதே என்று பூட்டு ரிப்பேர் செய்யும் கலீமுல்லா பாயை அழைத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவர் படியிலேயே நின்றுவிட்டார். "மன்னிச்சிக்குங்க சார். அதெல்லாம் வெளியே எடுத்து வெச்சிட்டு கூப்புடுங்க, வர்றேன்" என்று போயேவிட்டார்.

அப்புறம் என் அனுபவத்தை முழுக்க இறக்கினேன். ஒவ்வொரு பாட்டிலையும் பழைய மல் வேட்டியில் சுற்றி, பூச்சி அண்டாமல் பக்கத்தில் வசம்புத் துண்டு வைத்தேன். பட்டு ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும், அதனால் வாரா வாரம் பாட்டிலைப் புரட்டிப் படுக்க வைத்தேன். பட்டுக்குக் காற்றாட வேண்டும், மூச்சு முட்டினால் போச்சு. ஆகவே அமாவாசைக்கு அமாவாசை மூடியைத் திறந்து, மாடியில் நிழலில் கோரைப் பாய் விரித்து, பத்தையும் வரிசையாக நிற்க வைத்து மத்தியானம் வரைக்கும் காற்றாட விட்டேன். அந்தக் கார்க்கு இருக்கிறதே, அது ஒரு சனியன், ஸ்க்ரூடிரைவர் போட்டதில் பாதி உள்ளேயே விழுந்துவிட்டது. கவலை வேண்டாம். நெசவுக்கு நூல் சுற்றும் தார்க்குச்சியில் துணியைச் சுற்றி எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன். தூசி போகாது, மூச்சு போகும். இதை வீடியோ காலில் பார்த்துத்தான் தீபிகா "அப்பா, இன்னாப்பா பண்ணிக்கினு இருக்கே!" என்று கத்தி உங்களிடம் கோள் மூட்டியிருக்கிறாள்.

ஒரே ஒரு சின்ன விபத்து. படுக்க வைத்த ஒரு பாட்டில் துணி வழியாகக் கசிந்து அத்தையின் மாம்பழ மஞ்சள் புடவையில் இறங்கிவிட்டது. வீடு இரண்டாகும் என்று நினைத்தேன். ஆனால் கறை பார்டரை ஒட்டி ஒரே சீராக அரக்கு நிறத்தில் பிடித்திருந்தது. அதைக் கட்டிக்கொண்டு திருமுக்கூடலில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள், எந்தக் கடைப் புடவை என்று விசாரிக்காத ஆள் இல்லை. அன்றிலிருந்து அத்தை ஒயினைக் குறை சொல்வதில்லை. நானும் பாட்டில்களை நிற்கவே வைத்துவிட்டேன்.

எட்டே மாதத்தில் எப்படி முதிர்ந்திருக்கிறது தெரியுமா? பீரோவைத் திறந்தால் தெருமுனை வரை வாசனை. இனிப்பு ஏறியிருக்கிறது போலும், சின்னச் சின்ன ஈக்கள் எங்கிருந்தெல்லாமோ தேடிக்கொண்டு வருகின்றன. ஒவ்வொரு பாட்டிலின் மேலும் பாலாடை மாதிரி மெல்லிசாக ஓர் ஏடு படிந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், அசல் பட்டு. வாயைக் கட்டும் துவர்ப்பு என்றீர்களே, இப்போது ஒரு துளி நாக்கில் பட்டால் காது வரைக்கும் கட்டுகிறது. ஆகவே மாப்பிள்ளை, எடுத்துப் போகிற பேச்சு வேண்டாம். முடிந்தால் வரும்போது இன்னும் பத்து வாங்கி வாருங்கள், இடம் இருக்கிறது. குழந்தைக்கு என் முத்தம், தீபிகாவுக்கு என் கோபம் கலந்த ஆசீர்வாதம், தங்களுக்கு நீண்ட ஆயுளும் மாமனார் மேல் நம்பிக்கையும் பெருகட்டும்.

இப்படிக்கு,
ஆதிகேசவன்

பி.கு.: இதை உறையில் போடும் நேரம் பார்த்துப் பீரோ பூட்டு சிக்கிக்கொண்டது. கலீமுல்லா பாயைக் கெஞ்சிக் கூப்பிட்டேன். வாசலில் நின்றவர் மூக்கை உறிஞ்சினார். "இது சரக்கு வாசன இல்லியே சார், சிர்க்கா வாசனயாச்சே" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். சிர்க்கா என்றால் வினிகர். பூட்டைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, "பத்தும் தானா மாறிப்போச்சு சார். இனிமே எங்களுக்கும் ஆகும்" என்றார். அவரே உள்ளே வந்து சொன்ன பிறகு எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். ஊறுகாய் போடலாம் என்று உங்கள் அத்தைதான் யோசனை சொன்னாள். பாய் பத்தையும் எடுத்துப் போனார், அவர் மனைவி மெஹதாப் அம்மா மாங்காயும் இஞ்சியும் பூண்டும் போட்டு ஊறுகாயாக்கி, ஒரே வாரத்தில் நான்கு ஜாடிகளில் என்னிடமே கொடுத்து வைத்திருக்கிறார். துர்காவின் இருபத்தோராம் பிறந்தநாள் வரை தாங்குமாம், ஆனால் அதுவரை திறக்கவே கூடாதாம். என்ன பேச்சு இது? அமாவாசைக்கு ஒரு முறையாவது காற்றாட விடாமல் எந்தப் பொருள் தாங்கும்? அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.