மாப்பிள்ளைக் குண்டும் அப்பாவின் இருபத்துநாலு கிலோவும்

பிஹ்தோவ்கா ரயில் சந்திப்பின் மூன்றாம் சுமைக் குழுத் தலைவரும், எங்கள் அம்மாவின் ஒரே அண்ணனும், மீசைக்குத் தனிச் சீப்பு வைத்திருப்பவருமான லாவ்ர் மாமா அவர்களுக்கு, பத்தாம் வகுப்பை இன்னும் தாண்டாத மருமகன் மிரோன் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் மூவரும் மூச்சோடு இருக்கிறோம். அக்டோபரிலிருந்து எங்கள் வீட்டில் நலம் என்ற சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள். அங்கே மாமியின் முட்டிவலி, ஆட்டின் சினை, குளியலறைக் கூரையின் ஒழுகல் ஆகிய மூன்றும் எந்த அளவில் இருக்கின்றன என்று அறிய ஆவல். நான் உங்களுக்குக் கடைசியாக அனுப்பிய கடிதம், லாட்டரியில் உங்களுக்கு மோட்டார் சைக்கிள் விழுந்திருப்பதாக அரசாங்க முத்திரையோடு வந்த கடிதம் என்பதை மறக்கவில்லை. முத்திரையை உருளைக்கிழங்கில் வெட்டினேன். நீங்கள் தலைக்கவசம் வாங்கும் அளவுக்குப் போவீர்கள் என்று நினைக்கவில்லை. அதில் இப்போது மாமி கோழியை அடைவைத்திருப்பதாகக் கேள்வி, ஆகவே பணம் வீணாகவில்லை. ஆனால் மாமா, இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். இதிலும் ஒரு பொய் இருக்கிறது. அது உங்களுக்குச் சொன்னதல்ல, அப்பாவுக்குச் சொன்னது. அதனால் வருகிற திங்கட்கிழமை அவர் உங்கள் கண்ணெதிரே செத்துப்போகலாம்.

தொலைபேசியில் சொல்லியிருப்பேன். உங்கள் நிலையத்துத் தொலைபேசியில் பேசினால் சரக்குக் கொட்டகை முழுக்கக் கேட்கும், நாய் உட்பட. அதனால்தான் தாகிரிடம் கொடுத்தனுப்புகிறேன். தாகிரைத் தெரியுமல்லவா, மேல்மாடித் தாத்தாரியப் பையன், என் குற்றங்களில் பாதிக்குப் பங்காளி.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் குழுவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பாவை அக்டோபரில் வண்டியில் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்களே, நீங்களும் ஒரு காலைப் பிடித்திருந்தீர்கள், அப்போது ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்பது நினைவிருக்கும்: இதயத்தின் ஒரு மூலை செத்துவிட்டது, இனி மூட்டை கிடையாது, கெட்டில்பெல் என்கிற கைப்பிடிக் குண்டு கிடையாது, ஐந்து கிலோவுக்கு மேல் எதுவும் கிடையாது. இருபது வருஷம் காலையில் நூறு வீச்சு வீசிவிட்டுத்தான் தேநீர் குடித்த மனுஷன். அந்த முப்பத்திரண்டு கிலோ குண்டை அம்மா உங்களிடம் கொடுத்தனுப்பிய அன்று அவர் தடுக்கவே இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நவம்பர் முழுக்க எங்களுக்கு அவருடைய முதுகுதான் அப்பா. அம்மா சூப்பை அந்த முதுகின் பக்கத்தில் வைப்பாள், ஆறியதும் எடுத்துக்கொண்டு போவாள். ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து அவர் மூக்கின் முன்னால் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பரில் மருத்துவ உதவியாளர் கபிதோலினா அம்மா வந்து, இப்படியே படுத்திருந்தால் மிச்ச மூலைகளும் போய்விடும், சின்னதாக எதையாவது வீசட்டும், நான்கைந்து கிலோவில் ஆரம்பிக்கட்டும், மூச்சு முந்தினால் நிறுத்தட்டும் என்றார். அப்பா சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: “அஞ்சு கிலோக் குண்டா? அதுக்குக் கிலுகிலுப்பை வாங்கிக் குடுங்க, ஆட்டிக்கிட்டுக் கிடக்கிறேன்.” எங்கள் ஊர்க் கடையில் பதினாறுக்குக் கீழே குண்டு கிடைக்காது, அதற்குக் கீழே தூக்குகிற ஆண்பிள்ளையை இந்த ஊர் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் நானே செய்வதென்று முடிவு செய்தேன். பள்ளியில் வெடித்துப்போன ரப்பர் பந்து, கொதிகலன் அறையிலிருந்து சிமெண்டும் மணலும், அரை அங்குலத் தண்ணீர்க் குழாய். குழாய்க்குள் மணலை இறுக்கி அடைத்து வளைத்தால் நசுங்காமல் கைப்பிடி ஆகும். பந்தின் தலையில் வாய் வெட்டி, உள்ளே சூரியகாந்தி எண்ணெய் தடவி, கலவையை ஊற்றிக் கைப்பிடியை நட்டு, ஈரத்துணியில் ஒரு வாரம் பொத்தி வைத்து, பிறகு ரப்பரை உரித்தால் குண்டு தயார். பந்தின் கோடுகள் மேலே அப்படியே பதிந்திருந்தன. அப்பா திரும்பிப் பார்த்து, “என்னடா இது, பூசணிக்கா” என்றார். சுவரை விட்டுத் திரும்பி அவர் சொன்ன முதல் கேலி.

முதல் பூசணி நான்கு கிலோ, அதில் பொய் இல்லை. இரண்டாவதில்தான் வினை வந்தது. எட்டு கிலோ ஊற்றுவதாகச் சொல்லியிருந்தேன், சிமெண்ட் போதவில்லை. தாகிர் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் வந்த வெள்ளை நுரைக்கட்டியை நொறுக்கிக் கலந்தேன். நிறுத்துப் பார்த்தால் ஐந்தரை. அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் 8 என்று கொட்டையாக எழுதினேன். மாமா, சத்தியமாக அது ஒரு விளையாட்டு. சர்க்கரை மூட்டையைத் தோளில் வாங்கியதுமே அரை கிலோ குறைகிறது என்று சொல்லி ஒரு வண்டியையே திருப்பி அனுப்பிய ஆள் அவர், உங்களுக்குத் தெரியாததா. தொட்டதும் பிடித்துவிடுவார், எட்டு உன் தலையில் இருக்கிறதா என்று கேட்டு என் காதைத் திருகுவார், சண்டை போடுவார், சண்டைக்காக எழுந்து நிற்பார், அதுதான் என் கணக்கு. அவர் எழுந்தார். இரண்டு கையாலும் பிடித்தார். ஒரு தடவை வீசினார், இரண்டு, மூன்று. வியர்வை கொட்ட உட்கார்ந்து, “எட்டுதாண்டா. நல்லா கனக்குது” என்றார்.

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் எனக்கு முதல்தடவையாகப் பயம் வந்தது, ஆஸ்பத்திரியில்கூட வரவில்லை.

மறுநாள் அவரே கேட்டார், “அடுத்தது எப்போடா?” பிறகு எப்படிச் சொல்வேன். எட்டு என்று நம்பி வீசிய அன்று ஒரு கிண்ணம் முட்டைக்கோஸ் சூப் முழுக்கக் குடித்தார். ஆகவே பன்னிரண்டு என்று ஏழை ஊற்றினேன், பதினாறு என்று ஒன்பதை ஊற்றினேன், இப்போது கடைசியாக இருபத்துநாலு என்று பதின்மூன்று. உருவம் பெரிதாகிக்கொண்டே போக வேண்டும், நுரையும் பெரிதாகிக்கொண்டே போனது. தாகிரின் உறவினர்கள் எல்லாரும் புதுச் சாமான் வாங்க வேண்டும் என்று நான் பிரார்த்தித்த காலம் அது.

வீச்சின் நன்மைகளை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, இருந்தாலும் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் அவர் கையால் தூக்கப் பார்த்தார், மூச்சு வாங்கியது. பிறகு உடம்பு பழையதை ஞாபகப்படுத்திக்கொண்டது: முதுகு நேராக, இடுப்பு பின்னால் போய், கதவை இடுப்பால் தள்ளிச் சாத்துகிற மாதிரி ஒரு வெட்டு, குண்டு தானாகவே மிதந்து மேலே போகும், கை வெறும் கயிறு. ஜனவரியில் கை நடுக்கம் நின்றது. பிப்ரவரியில் மூன்று மாடியையும் நிற்காமல் ஏறினார், நான்காவதற்கும் தவறிப்போய் ஏறி மேல்வீட்டுக் கதவைத் தட்டினார். கபிதோலினா அம்மா குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, “என்ன பண்றீங்களோ அதையே பண்ணுங்க” என்றார். நிஜ எடையைத்தானே அவர் இதயம் தூக்கியது, அது நிஜமாகவே தேறியது. அம்மா இப்போது விடியும்வரை தூங்குகிறாள். பக்கத்து வீட்டுக்காரிகளிடம் “எங்க ஆளு இருபத்துநாலு” என்று, குழந்தைக்குப் பல் முளைத்த மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நல்லது மாமா, நரகத்துக்கு வருகிறேன். முந்தாநாள் சாப்பாட்டில் அப்பா கரண்டியை வைத்துவிட்டு, “திங்கக்கிழமை பிஹ்தோவ்கா போறேன். மாப்பிள்ளையப் பாத்துட்டு வர்றேன்” என்றார்.

உங்கள் குழுவின் மாப்பிள்ளையை, கொட்டகையில் கிடக்கிற முப்பத்திரண்டு கிலோ இரும்புக் குண்டைச் சொல்கிறார். சும்மா உட்கார்ந்து கிரீஸ் தடவிக்கொள்வதால் அந்தக் குண்டுக்கு அந்தப் பெயர் வைத்தார்களாமே. நோயிலிருந்தோ ராணுவத்திலிருந்தோ ஜெயிலிலிருந்தோ திரும்புகிற எவனும் எல்லார் முன்னிலையிலும் அந்த முப்பத்திரண்டைப் பத்து தடவை வீசினால்தான் நீங்கள் மூட்டை இழுக்கிற அவன் கொக்கியைத் திருப்பிக் கொடுத்து வேலையில் சேர்ப்பீர்கள். நல்ல வழக்கம், நல்ல மனுஷர்கள். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் உங்கள் குழுவில் இருந்த யெஃபிம் மாமா அதில் ஆறாவது வீச்சில் உட்கார்ந்தவர் பிறகு எழவில்லை. அதை அப்பாதான் என்னிடம் சொன்னார், அப்போது சிரிக்காமல் சொன்னார்.

அம்மா பயப்படுவாள், அழுவாள், கதவைப் பூட்டுவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ரொட்டியை வெட்டிக்கொண்டே, “இருபத்துநாலு தூக்குற ஆளுக்கு முப்பத்திரண்டு என்ன பெரிய தூரமா, எட்டு கிலோதானே” என்றாள். எழுந்துபோய் அவருடைய வேலைச்சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். மாமா, அது எட்டு கிலோ இல்லை, பத்தொன்பது. நடுவில் இருக்கிற பதினொன்றும் என்னுடைய பெயிண்ட்.

ஆகவே என் திட்டம் பின்வருமாறு. இந்தக் கடிதத்தோடு தாகிர் ஓர் உருளைக்கிழங்கு மூட்டையையும் கொண்டுவருவான். அதற்குள் நான் ஊற்றிய மாப்பிள்ளையின் தம்பி இருக்கிறான். போன கோடையில் நான் மாப்பிள்ளை மேல் உட்கார்ந்து ஆப்பிள் தின்றிருக்கிறேன், ஆகவே அடையாளமெல்லாம் தெரியும்: கைப்பிடியின் இடப்பக்கத்துப் பள்ளம், அடியில் துரு, மேலே யாரோ ஆணியால் கீறிய பெண் பெயர். எல்லாம் இருக்கிறது. எடை பதினான்கு. ஞாயிறு சாயங்காலம் ஆள் இல்லாத நேரத்தில் அண்ணனை எடுத்துவிட்டுத் தம்பியை உட்காரவையுங்கள். அப்பா பத்து வீசட்டும், பதினைந்துகூட வீசுவார், நீங்கள் மீசையைத் தடவிக்கொண்டு கொக்கியைக் கொடுங்கள்.

இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது, கொக்கியைக் கொடுத்த பிறகு சர்க்கரை மூட்டை வரும். ஐம்பது கிலோ. சர்க்கரை மூட்டைக்குள் நுரை போட எனக்குத் தெரியாது.

அப்படியானால் கொக்கிக்குப் பதில் பென்சிலைக் கொடுங்கள், மூட்டை எண்ணுகிற மேஜையில் உட்காரவையுங்கள். உட்கார மாட்டார். ரயில் நின்றுவிட்டதாகச் சொல்லுங்கள். தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே வருவார். குழுவுக்கே சொறி பிடித்திருப்பதாகச் சொல்லுங்கள். நான் பதினாறு வயதுவரை சேர்த்துவைத்த மூளை இந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று மாமா, மிச்சத்துக்கு உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். என் தோலை உரிக்க வேண்டுமென்றால் உரியுங்கள், ஆனால் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு.

மாமியின் இரண்டு முட்டிக்கும் தனித்தனியாக என் வணக்கம். உங்கள் தண்டவாளங்கள் வளையாமலும், கூரை ஒழுகாமலும், ஆடு இரட்டையாக ஈனவும் வேண்டிக்கொண்டு, கன்னங்களில் மூன்று முத்தங்களோடு முடிக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படியாத மருமகன்,
மிரோன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். தம்பியை ஆட்டுக்கொட்டகைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை ஒட்டப் பசை தேடிப் போன இடத்தில் அப்பா சன்னலோரம் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை, சொல்லிவிட்டேன். ஐந்தரை, ஏழு, ஒன்பது, பதின்மூன்று என்று வரிசையாகச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு, தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ கொடுத்துவிட்டுப் போனதைப் பார்ப்பதுபோல. “அப்போ பதிமூணு” என்றார். ஆமாம் என்றேன். அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாதுப்பா.”

“இருபத்துநாலாவே இருக்கட்டும்.”

திங்கட்கிழமை அவர் வரமாட்டார். கோடைவரை ஆள் தேவையில்லை என்று நீங்கள் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமாம், இது அவருடைய உத்தரவு. பிறகு பூட்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டு, கடைசிப் பூசணியை இழுத்து நடுவில் வைத்து, கதவைக் கொஞ்சம் திறந்துவிடச் சொன்னார். “சத்தமா எண்ணுடா. அவளுக்குக் கேக்கணும்.”

எண்ணினேன்.