ஆரஞ்சு ரிப்பன் குச்சிகள்

கலைச்செல்வன் சட்டென்று பைக்கை நிறுத்தினான். ஆண்டிமடத்திலிருந்து புளியங்குழிக்குப் பிரியும் சாலையோரம் வரிசையாகக் குச்சிகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஆரஞ்சு ரிப்பன்.

பிராட்பேண்ட் கேபிள் புதைக்க அளவெடுப்பவர்கள்தான் இப்படி நடுவார்கள். அவன் வேலை பார்க்கும் 'வைகறை நெட்' நடவில்லை. அப்படியானால் போட்டிக் கம்பெனி 'பருந்து'தான்.

அரியலூர் ஆபீசுக்குப் போன் போட்டான்.

"தோண்டட்டும்யா, நல்லதுதானே!" என்றார் மேனேஜர் அரவிந்தன். "முதல்ல குழாய் பதிக்கிறவன் அடுத்தவன் கேபிளுக்கும் அதுல இடம் விடணும். அனுமதி குடுக்கும்போதே கவர்மென்ட்டு போட்ட நிபந்தனை. செலவு அவனுக்கு, சொகுசு நமக்கு. இதுக்குத்தானே ரெண்டு வருஷமா அனுமதிய வாங்கி வச்சிக்கிட்டு குந்தியிருக்கோம்?"

பருந்தும் அதே நினைப்பில்தான் குந்தியிருந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட புளியங்குழிக்காரர்கள், ஒரு போன் பேசக்கூட சிக்னல் தேடி முந்திரி மரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் முகப்பில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை. அதை நடத்தும் சிந்தாமணியிடம் மெல்ல விசாரித்தான்.

"பருந்துக்காரங்களா? வெள்ளிக்கிழமை மிஷினோட வராங்களாம் தம்பி. மூணு வருஷம் வேற யார்கிட்டயும் போவ மாட்டோம்னு ஊரே கையெழுத்துப் போடப் போவுது. உங்கள எதிர்பார்த்து எதிர்பார்த்து எங்க கண்ணு பூத்துப்போச்சு."

சாலைப் பிரிவுக்குத் திரும்பி வந்து போனில் இதைச் சொன்னதும் மேனேஜரின் குரல் மாறியது.

"ஊரே அவன்கிட்ட போயிட்டா, காலிக் குழாய வச்சி நாக்கு வழிக்கவா? இந்த ஊர் கைய விட்டுப் போச்சுன்னா உன்ன ராமநாதபுரத்துக்குத் தூக்கிடுவாங்க. சொல்லிட்டேன்."

மனைவி அனிதாவுக்கு இப்போதுதான் அரியலூரில் வேலை கிடைத்திருந்தது. ராமநாதபுரம் என்றால் தனியாகத்தான் போக வேண்டும். கலைச்செல்வனுக்கு வெந்நீர் கூட வைக்கத் தெரியாது.

உச்சி வெயிலில் ஊர் சாப்பிடப் போன நேரம், குச்சிகளை ஒன்று விடாமல் பிடுங்கிப் புதரில் வீசினான். கையெல்லாம் கறுப்பாகப் பிசுபிசுத்தது. துடைக்கத் துணி இல்லாமல் பேன்ட்டிலேயே துடைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், குச்சிகள் முன்னைவிட நெருக்கமாக நின்றன.

"எவனோ பிடுங்கிட்டான்னு அவங்களுக்கு ரோஷம் வந்துடுச்சு தம்பி," என்றாள் சிந்தாமணி. "வெள்ளி இல்லியாம், நாளைக்கே வராங்களாம். அது என்ன, கையெல்லாம் கொப்புளம்?"

"பைக் செயின்ல பட்டுடுச்சுக்கா."

"அப்படியா? முந்திரி ஓட்டெண்ணெய் பட்டாத்தான் இப்படிப் பொத்துப் போவும்," என்றபடி அவள் கொட்டை உடைக்கப் போய்விட்டாள்.

இனி யோசிக்க நேரமில்லை. "தோண்டு! இப்பவே தோண்டு!" என்று போனில் மேனேஜர் அலறினார். மாலைக்குள் மிஷின் வந்தது. வந்த வேகத்தில் குடிநீர்க் குழாயைக் கடித்துக் குதறியது. குடங்களோடு சூழ்ந்த பெண்களிடம் கும்பிடு போட்டு, ஓட்டையை அடைத்து, மறுநாள் மதியம் ஊர் நடுவுக்கு வந்து சேர்ந்தான்.

எதிரே, செந்துறைப் பக்கமிருந்து தோண்டிக்கொண்டே இன்னொரு மிஷின் வந்தது. அதிலிருந்து குதித்தார் பருந்துக் கம்பெனியின் ஹுமாயூன்.

"ஏம்ப்பா கலை! ரெண்டு வருஷம் சும்மா கெடந்துட்டு, திருட்டுத்தனமா குச்சி நடுறீங்களே, நியாயமா?"

"என்ன பாய், பிளேட்ட மாத்துறீங்க? குச்சி நட்டது நீங்க!"

"அல்லா மேல ஆணையா, உங்க குச்சியப் பார்த்துட்டுத்தான் எங்க மேனேஜர் என்னைத் தொரத்துனாரு. நாகர்கோவிலுக்குத் தூக்கிடுவேங்கறாரு!"

ஆத்திரத்தில் நீட்டிய ஹுமாயூனின் விரல்களைக் கலைச்செல்வன் பார்த்தான். எல்லாம் கொப்புளம். அதே நேரம் அவரும் இவன் விரல்களைப் பார்த்துவிட்டார். இருவரும் சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள்.

ஒரு கிண்ணம் விளக்கெண்ணெயும் ஒரு காலிச் சாக்குமாக வந்து நின்றாள் சிந்தாமணி.

"ரெண்டு பேரும் மொதல்ல இதத் தடவிக்குங்க தம்பி. தடவிட்டு, அந்தக் குச்சியெல்லாம் ஒடையாமப் பிடுங்கி இந்தச் சாக்குல போட்டுக் குடுங்க. பக்கத்து ஊர்க்காரங்க இரவல் கேட்டிருக்காங்க, நாளைக்கு அவங்க ரோட்டுல நடணுமாம்."