அகிசிலாவோஸின் மூன்று சொட்டு

கிரேக்க நாட்டு வோலோஸ் துறைமுகத்தில் சனிக்கிழமை காலை இரண்டு இடங்களில் கூட்டம் நெரியும். ஒன்று மீன் சந்தை. அங்கே போனால் மீனாவது கிடைக்கும். இன்னொன்று அகிசிலாவோஸின் வேப் கடை.

அகிசிலாவோஸ் மூன்று வருடங்களுக்கு முன்பு அதே கடையில் கைப்பேசி உறை விற்று ஈ ஓட்டியவர். பிறகு ஒருநாள் அவருக்கு ஞானம் பிறந்தது. குழந்தைக்குக் கண் படுகிறது, கல்யாணப் பெண்ணுக்குப் படுகிறது, புதுக் காருக்குப் படுகிறது, புகைக்குப் பதிலாக ஆவி இழுக்கிற கருவிக்கு மட்டும் படாமல் போகுமா? அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கண் பார்ப்பார்கள். தட்டில் தண்ணீர் வைத்து ஆலிவ் எண்ணெய் சொட்டுவார்கள். சொட்டு உருண்டையாக நின்றால் ஒன்றுமில்லை. கலைந்து காணாமல் போனால் கண் பட்டிருக்கிறது. அகிசிலாவோஸ் எண்ணெய்யை மட்டும் மாற்றினார். கண் பட்டது உங்கள் கருவிக்குத்தானே, அதில் ஊற்றும் திரவத்தையே சொட்டுவோம் என்றார். எல்லோருக்கும் அது மிகவும் நியாயமாகப் பட்டது. முட்டாள்தனத்துக்கு எப்போதுமே நியாயமான முகம்தான்.

அந்த வரிசையில்தான் திராசோஸ் நின்றார். உருக்காலையில் வெல்டர். ஐம்பத்து மூன்று வயது. முப்பத்தாறு வருடம் சிகரெட் பிடித்ததில் இடது காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, ஐம்பது அடி நடந்தால் ஆடுசதையைப் பிடித்து இழுக்கும். ஆறு வாரத்தில் அறுவை சிகிச்சை. அதற்குள் ஒரு சிகரெட்கூடத் தொடக்கூடாது, தொட்டால் கால் இருக்காது என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். திராசோஸ் பயந்துபோனார். நிகோடின் இல்லாத திரவத்தை ஒரு சின்னக் கருவியில் ஊற்றி இழுத்து, சிகரெட் ஏக்கத்தை அடக்கிப் பதினோரு நாள் தாக்குப்பிடித்தார். திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் அதன் தலைப்பாகம் தீய்ந்துபோனது. அதற்குப் பதில், பஞ்சில் நாமே சொட்டுவிட்டு இழுக்கும் டிரிப் அட்டமைசர் வாங்கி மாட்டு, ருசி நன்றாக இருக்கும் என்று ஆலையில் யாரோ சொன்னார்கள். எதை வாங்குவது என்று தெரியவில்லை. தெரியாதவன் கால் நேராகக் குறிசொல்பவன் வாசலுக்குத்தானே போகும்.

அகிசிலாவோஸ் அவருடைய பாட்டிலை வாங்கி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மூன்று சொட்டு விட்டார். உதடு அசைந்தது. அத்தை காதில் ஓதிக் கொடுத்த மந்திரம், வெளியே சொன்னால் பலிக்காது. சொட்டு மூன்றும் மெல்ல இறங்கி, இழை இழையாகக் கரைந்து மறைந்தது. அகிசிலாவோஸ் வாய் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். பார்ப்பவனுக்குக் கொட்டாவி வந்தால் பட்டது கடுங்கண் என்பது அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

“பதினஞ்சு நாளா உன்மேல ஒரு கண்ணு இருக்குப்பா. நீலக் கண்ணு. பொம்பளை.”

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது அல்லவா? திராசோஸ் உடனே வழி கேட்டார். வழி கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் தயாராக இருந்தது. ‘ஏழு கண்’ என்று பெயர். அடுப்பு மாதிரி சூடேற இரண்டு தடித்த கம்பிச் சுருள், காயில் என்பார்கள், சுற்றிலும் ஏழு காற்றுத் துளை, பக்கத்தில் ஒரு நீல மணி. தொண்ணூறு யூரோ. கீழ்த்தட்டில் பன்னிரண்டு யூரோவுக்கு ஒற்றைக் காயில் வைத்த ஒரு சின்ன அட்டமைசர் தூசி படிந்து கிடந்தது. அதற்கு மந்திரம் ஓதி யாருக்கு லாபம்?

அன்று காலையில் மட்டும் நாற்பது பேருக்குச் சொட்டு கரைந்தது. நாற்பது பேருக்கும் ‘ஏழு கண்’ணே விதிக்கப்பட்டது. ஒருவனுக்காவது சொட்டு நின்றதா என்று ஒருவனும் கேட்கவில்லை.

திராசோஸின் கருவி பதினைந்து வாட்டுக்கு மேல் தராது. அதன்மேல் ‘ஏழு கண்’ணை மாட்டி இழுத்தால் காயில் சூடே ஏறவில்லை. பஞ்சு நனைந்தது, திரவம் துளை வழியே வழிந்து சட்டைப் பையை ஈரமாக்கியது, வாயில் தித்திப்புத் துளி தெறித்தது. ஆவி மட்டும் வரவில்லை. திரும்பக் கொண்டுபோனார். கண் இன்னும் இறங்கவில்லை என்று அகிசிலாவோஸ் மறுபடி கொட்டாவி விட்டு இருபது யூரோ வாங்கினார். பதினேழாம் நாள் ஏக்கம் தாங்காமல் திராசோஸ் பெட்டிக்கடையில் ஒரு சிகரெட் பாக்கெட் வாங்கிவிட்டார். பிரிக்கவில்லை. பிரிக்காமல் எத்தனை மணி நேரம் வைத்திருக்க முடியும் என்று அவருக்கே தெரியவில்லை.

அந்தப் பாக்கெட் மனைவியின் தங்கை பொலிக்ஸேனியின் கண்ணில்தான் பட்டது. பலகாரக்கடை வைத்திருப்பவள். நாக்கில் பாகும் உண்டு, பாகு கிண்டும் கரண்டியும் உண்டு.

“என்ன அத்தான், கால் ரெண்டு எதுக்கு, ஒண்ணு போதும்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

திராசோஸ் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். வீட்டில் நீலக் கண் உள்ளவள் தன் மனைவி ஒருத்திதான், குறி கேட்ட நாளிலிருந்து அவளோடு சரியாகப் பேசவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். பொலிக்ஸேனி சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபத்தில் காது சிவந்தது. அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். கிளிசரின், வாசனை, இன்னும் ஏதோ என்றார். கேக்கின்மேல் போடும் சர்க்கரைப் பூச்சு காயாமல் இருக்க அவள் தினமும் கலக்குவதும் கிளிசரின்தான்.

அடுத்த சனிக்கிழமை, அகிசிலாவோஸ் வேறு யாருக்கோ சொட்டு பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் கடைக்குள் நுழைந்து, அலமாரியிலிருந்து சீல் உடைக்காத ஒரு புதுப் பாட்டிலை எடுத்து, கல்லாவில் இருந்த பெண்ணிடம் காசு கொடுத்து ரசீது வாங்கினாள். வெளியே வரிசையில் நின்ற ஒரு மீனவனைக் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்கச் சீலை உடைக்கச் சொன்னாள். பாட்டிலில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைக் கிழிக்கச் சொன்னாள். பிறகு திராசோஸிடம் கொடுத்து உள்ளே அனுப்பி, வரிசை மொத்தத்தையும் பின்னாலேயே கூட்டிக்கொண்டு போனாள்.

மூன்று சொட்டு. இழை இழையாகக் கரைந்தது. கொட்டாவி ஒன்றல்ல, இரண்டு வந்தது.

“போன தடவையைவிட முத்திப்போச்சு. இந்தப் பாட்டிலை வச்சிருக்கறவன் வீட்டுல யாரோ வயிறெரியறாங்க” என்றார் அகிசிலாவோஸ்.

பொலிக்ஸேனி ரசீதைக் குவளைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“பத்து நிமிஷத்துக்கு முன்னாடிவரைக்கும் இதை வச்சிருந்தது நீங்கதான் ஐயா. வயிறெரியறது உங்க வீட்டுல யாரு?”

மீனவன் முதலில் சிரித்தான். அகிசிலாவோஸ் சமாளித்தார். கூட்டத்தின் கண் கடைமேல் பட்டிருக்கலாம் என்றார். அவள் மறுக்கவில்லை. பையிலிருந்து ஆலிவ் எண்ணெய்யை எடுத்து அதே குவளையில் விட்டாள். சொட்டுகள் காசு காசாக மேலே மிதந்தன. ஒரே கடை, ஒரே தண்ணீர், ஒரே கூட்டம்.

“எண்ணெய் தண்ணியில கரையாது. கிளிசரின் யார் ஊத்தினாலும் கரையும். பாதிரியார் ஊத்தினாலும் கரையும். இதுக்குக் கண்ணு எதுக்கு?” என்றாள். பிறகு ‘ஏழு கண்’ பெட்டியைத் திருப்பி அடியிலிருந்த பொடி எழுத்தை மீனவனை விட்டுப் படிக்கச் சொன்னாள். நாற்பது வாட்டுக்குக் குறைந்த கருவியில் பயன்படுத்தக் கூடாது என்று அச்சடித்திருந்தது.

“குத்துவிளக்குத் தீயில அண்டா ஏத்தினா பாயசம் வேகுமா அத்தான்? சின்னக் கருவிக்கு ஒத்தைக் காயில், சின்னத் துளை. கீழ்த்தட்டுல கெடக்குது பாருங்க, அது போதும்.”

கூட்டம் பணத்தைத் திருப்பிக் கேட்ட வேகத்தில் அகிசிலாவோஸுக்கு அதன்பின் கொட்டாவியே வரவில்லை. திராசோஸ் தூசியைத் துடைத்துப் பன்னிரண்டு யூரோ அட்டமைசரை மாட்டி, நான்கு சொட்டு விட்டு இழுத்தார். ஆவி வந்தது. கண்ணில் நீர் நிற்க, பிரிக்காத சிகரெட் பாக்கெட்டைக் கொழுந்தியாள் கையில் கொடுத்துவிட்டு, மனைவியிடம் மன்னிப்புக் கேட்க நொண்டி நொண்டி வீட்டுக்குக் கிளம்பினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் மனித குலத்தின்மேல் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். ஆனால் வரிசையில் கடைசியாக நின்ற பெரியவர் ஒருவர் பொலிக்ஸேனியின் பின்னாலேயே வந்து, அம்மா, உங்கள் எண்ணெய்க்கு நல்ல சக்தி இருக்கிறது, எனக்கும் மூன்று சொட்டு விட்டுப் பார்ப்பீர்களா என்று பணிவாகக் கேட்டார்.

கண் பட்டு ஒரு மனிதனின் காலை எடுத்ததாக எந்த மருத்துவரும் எழுதி வைத்ததில்லை. புகையால் எடுத்தது உண்டு. மூளையை இன்னொருவன் கடையில் அடகு வைத்ததால் எடுத்ததும் உண்டு. அதை எழுத மட்டும் மருத்துவமனைத் தாளில் இன்னும் கட்டம் போடவில்லை.